புழுதியில் எடுத்த படம்

தண்ணீரை மிச்சம் பிடித்தால் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிய முட்டாள் நான். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு கோல் கம்பம், ஒரு கிணறு, ஒரு தகரக் கொட்டகை. கடல் பக்கத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? மழை மூன்று வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே நுழைந்துவிடும். அப்புறம் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதனால் எந்தக் கிணற்றில் யார் எவ்வளவு இறைக்கலாம் என்று தண்ணீர் அலுவலகம் பங்கு பிரித்திருந்தது. எங்கள் பங்கு தினம் அரை மணி நேர மோட்டார்.

அந்த அலுவலகத்தில்தான் என் தங்கை வேலை பார்க்கிறாள். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாறு. தலை பின்னிவிட்டதும், அவள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை வாசலில் வெயிலில் நின்றதும் நான்தான். செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். இன்றைக்குச் சொல்லிக்காட்டத்தான் போகிறேன்.

கோடை தொடங்குவதற்கு முன் ஒரு சாயங்காலம் அவள் மைதானத்துக்கு வந்தாள்.

"அக்கா, மூணு மாசம் மோட்டார் போடாம இருந்து பாரேன். மிச்சமாகுற தண்ணி உங்க பேர்லயே இருக்கும். மொத்தமா வாங்கி, புதுப் புல்லு நட்டு, நல்லா ஊற விடலாம். இப்ப நீ தெளிக்கிறதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி."

"எழுதிக் குடுப்பாங்களா?"

"நான் இருக்கேன்ல."

அதற்கு மேல் நான் என்ன கேட்பேன்? வேறு யாராவது சொல்லியிருந்தால் முத்திரை குத்திய காகிதம் இல்லாமல் அசைந்திருக்க மாட்டேன். இவளிடம் ரசீது கேட்கவா முடியும்?

தினமும் சாயங்காலம் இருபது பெண்பிள்ளைகள் பந்து விளையாட வருவார்கள். அவர்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். கோல் காக்கிறவளுக்குப் பட்டப்பெயர் கதவு. பாதி நேரம் திறந்தே கிடப்பதால் அந்தப் பெயர். அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள்.

"புதுப் புல்லு கண்டிப்பா வருமாக்கா?"

"கண்டிப்பா வரும். என் தங்கச்சி சொல்லியிருக்கா."

மோட்டாரை நிறுத்தினோம். விளையாடி முடித்ததும் முகம் கழுவ இரண்டு பேருக்கு ஒரு குவளை தண்ணீர், அதுவும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கழுவிய தண்ணீரை வாளியில் பிடிப்போம். மறுநாள் அதில் ஒரு சாக்கை நனைத்து, கோல் கம்பத்துக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். புழுதி கொஞ்சம் அடங்கும், அடுத்த பத்து நிமிஷத்தில் பழையபடி கிளம்பும். இருந்தாலும் சாக்கு இழுக்க யார் முறை என்று அடித்துக்கொள்வார்கள்.

நாலாவது வாரம் புல் செத்துப்போனது. தரை பாறையாக இறுகியது. விழுந்து பந்தைத் தடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். கதவு கேட்கவில்லை. அவள் விழாவிட்டால் அப்புறம் அவள் எதற்கு? இரண்டு முழங்காலும் தோலுரிந்து, காய்வதற்குள் மறுபடி உரிந்து, பார்க்கச் சகிக்காது.

மூன்றாவது மாதம் தங்கை வந்து கைபேசியை எடுத்தாள்.

"ஒரு படம் எடுத்துக்கறேன்க்கா. நீங்க எவ்வளவு பொறுப்பா இருக்கீங்கன்னு அதிகாரிகிட்ட காட்டணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளை உயர வாரியாக நிற்கவைத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன், சிரிக்கச் சொன்னேன். கதவின் முழங்காலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. காலுறையை மேலே இழுத்துவிடச் சொன்னேன். "ரத்தத்தைப் பாத்தா மைதானத்தையே மூடிருவாங்கடி" என்றேன். துணி காயத்தில் உரசியபோது அவள் பல்லைக் கடித்தாள். அப்புறம் எல்லோரையும்விட அகலமாகச் சிரித்தாள்.

போன வாரம் இரண்டு ஆட்கள் வந்து மோட்டாருக்குப் பூட்டுப் போட்டு, என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொட்டகை வாசலில் நின்று மூன்று முறை படித்தேன். 'மேற்படி மைதானம் தண்ணீர் இன்றியே சிறப்பாக இயங்கி வருவது புகைப்படச் சான்றுடன் உறுதி செய்யப்பட்டுள்ளதால், அதன் பங்கு முழுவதும் கடற்கரைக் கூடார விடுதியின் நீச்சல் குளத்துக்கு மாற்றப்படுகிறது.' அறிக்கை தயாரித்தவர் என்ற இடத்தில் தங்கையின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் கடைசிச் சுழி நான் பழக்கிவிட்டது.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். தங்கை வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். நெஞ்சில் கூடாரப் படம் போட்ட நீலச் சட்டை. ஒரு வருடம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர். நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது என்று தங்கை சொன்னபோது சந்தோஷத்தில் அழுதவள் நான். அவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தங்கை அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தை மேடையில் வைத்தேன். அவள் அதைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை.

"நான் பொய் எதுவும் எழுதலைக்கா. தண்ணி இல்லாம விளையாடினாங்க, அதைத்தான் எழுதினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"முதல் நாள் வந்து சொன்னியே, மிச்சமாகுற தண்ணி எங்க பேர்ல இருக்கும்னு. அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

அவள் தட்டைத் தேய்த்தாள். குழாய் முழுசாகத் திறந்து கிடந்தது. என் கை தானாகப் போய் அதை மூடியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது.

"இவரு ஒரு வருஷம் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தாருக்கா. உனக்கு அது விளையாட்டு. எனக்கு இது குடும்பம்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாள். வேலைக்காகச் செய்தாள் என்பது கூடப் புரிகிறது. வந்து கேட்டிருந்தால் என் பங்கில் பாதியைக் கொடுத்திருப்பேனோ என்னவோ. என்னைக் கொண்டே என் கிணற்றைப் பூட்டவைத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். சாக்கைத் தேடி எடுத்து யார் முறை என்று சண்டையைத் தொடங்கினார்கள். நிறுத்தி, உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் படித்துக் காட்டினேன். படத்தைக் காட்டித்தான் தண்ணீரைப் பிடுங்கினார்கள் என்றேன். கூட இருந்தே குழி பறித்துவிட்டாள் என்று அந்தச் சின்னப் பிள்ளைகளிடம் என் தங்கையைப் பற்றிப் புலம்பினேன்.

கதவு குனிந்து காலுறையைக் கணுக்கால்வரை சுருட்டி இறக்கினாள். முழங்காலில் பழைய காயமும் புதுக் காயமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தன.

"இது படத்துல இருந்திருந்தா, தண்ணி வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லக்கா?"

"ஆமாம்மா."

"மறைக்கச் சொன்னது நீங்கதானே."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. எழுந்து பின்பக்கத்துப் புழுதியைத் தட்டிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு வெளி வாசலைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து அவள் பின்னால் போனார்கள். சாக்கு என் காலடியில் கிடந்தது.