நடுச் சோபா

"இந்த ஊர்ல ஒரு தலைவி பதவிய விடணும்ண்டா ஒண்ணு மௌத்தாகணும், இல்லாட்டி வெளிநாட்டுக்கு ஓடணும்" என்றாள் நிஷ்மியா.

கராம்பு மூட்டையில் சாய்ந்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஜவாஹிர் சிரித்தார். "நீ இந்த ஞாயித்துக்கிழம விலகிறேண்டு சொல்லிப் பாரு. விடுறாங்களாண்டு நானும் பாக்குறேன்."

அவருக்கென்ன, சிரிப்பார். மாட்டிக்கொண்டவள் அவளல்லவா?

மாத்தளை நகரில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி ஏற்றுமதி செய்கிற வியாபாரம் நிஷ்மியாவுடையது. பல்லேகமவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவள் கடைத் தராசைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஊர்க் கலைப் பேரவை இருந்த இருப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆறு மணி நாடகம் எட்டு மணிக்குத் தொடங்கும். நடித்தவர்களிடம் பஸ் காசை அடுத்த கிழமை வந்து வாங்கச் சொல்லுவார்கள். மைக் செட்காரர் பாதியில் கோபித்துக்கொண்டு வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். வியாபாரம் தெரிந்த ஆள் ஒன்று வேண்டுமென்று யாரோ சொல்ல, அவளைப் பிடித்துப் போட்டார்கள். போட்ட வருடமே நாடகங்கள் சொன்ன நேரத்துக்குத் தொடங்கின. அவ்வளவுதான், மாவட்ட நாடக விழாக் குழுவையும் தலையில் கட்டினார்கள். ஓவியக்கூடச் சபை ஆளில்லாமல் தள்ளாடியபோது அதையும் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்று அமைப்புக்கும் ஒரே தலைவி. எந்த விழாவென்றாலும் முன்வரிசையில் வெள்ளைத் துணி விரித்த நடுச் சோபா அவளுக்கு.

அவளுக்கு ஆசை இருந்தது சோபாவில் அல்ல, மேடையில். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரே ஒரு தடவை கிழவி வேடம் போட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டு அவள் இருமிய இருமலுக்கு மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு அவள் யாரென்று பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை, நடிப்புக்குச் சிரித்த சிரிப்பு. அது இன்னும் அவள் காதில் இருந்தது.

பேரவைக்கு வந்த புதிதில் அவளே ஒரு விதி கொண்டுவந்தாள். பழைய தலைவர் எல்லா நாடகத்திலும் தன் மருமகனையே கதாநாயகனாக்கி ஊரைச் சலிக்கவைத்திருந்தார். ஆகவே, பதவியில் இருக்கிறவரோ அவர் குடும்பமோ பேரவை மேடையில் நடிக்கக் கூடாது. ஊரே பாராட்டியது. அந்த மருமகன் அன்றைக்குப் போனவன்தான், பேரவைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மாத்தளையில் தமிழ் நாடகத்துக்குப் பேரவை மேடையை விட்டால் வேறு மேடை எங்கே இருக்கிறது? தானே வைத்த பூட்டு ஒருநாள் தன் வாசலிலேயே தொங்குமென்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

போன மாதம் அஜந்தா கடைக்கு வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நாடக டீச்சர், இந்த வருட விழா நாடகத்தை இயக்குகிறவள். அவள் உள்ளே நுழைந்தபோது நிஷ்மியா வேலையாட்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கலேவெலச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற ஒரு பெண், பாதி சிங்களமும் பாதி தமிழுமாக பஸ் கண்டக்டரைப் பிடித்துக் கிழிக்கிற கிழியை. அஜந்தா மூட்டைகளுக்கிடையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அன்ரி, நான் மூண்டு மாசமாத் தேடுற ஆள் நீங்கள்தான். என்ர நாடகத்தில சந்தைக்காரியா நீங்கள்தான் நடிக்கோணும்."

"எனக்கா? போங்க பிள்ள, பகிடி பண்ணாம."

"நான் ஏன் பகிடி பண்ணப் போறன்? தலைவி எண்டு முகஸ்துதிக்குச் சொல்லேல்லை. நல்லா இல்லாட்டி நல்லா இல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லுவன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் நிஷ்மியாவை விழுத்தியது. பதினொரு வருடமாக அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் தும்மினாலும் அருமையென்பார்கள்.

பிரதியை வாங்கிக்கொண்டு வந்தவள் மிளகு நிறுக்கும்போதும் வசனத்தை முணுமுணுத்தாள். கடைசிக் காட்சி வசனம் வரும்போதெல்லாம் தராசை அப்படியே விட்டுவிடுவாள். விடிந்ததிலிருந்து கூப்பிடுகிற எல்லோருக்கும் ஓடி ஓடி நிறுத்துக் கொடுத்த சந்தைக்காரி, தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுவாள்: "கட மூடியாச்சு. இனி யாரும் என்னக் கூப்பிடாதீங்க. நான் போறேன்."

நடிக்கவேண்டுமானால் பதவியை விடவேண்டும். பேரவைச் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலைசெய்கிற அமைதியான யாழ்ப்பாணத்து மனிதர். "நீங்கள் சொன்னால் சரி மேடம், தலைவர் பொறுப்பை நான் எடுக்கிறன்" என்றார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அச்சகம் வைத்திருக்கும் பொருளாளர் அழகையா, அவர் பெயரைத் தானே முன்மொழிவதாகச் சொன்னார். எல்லாம் சுமுகம். அன்றிரவு நிஷ்மியா நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பேரவையின் பொதுக்கூட்டம். அறிக்கை வாசித்து முடித்து அவள் எழுந்து, "நான் இத்தோட விலகிக்கிறேன்" என்றாள்.

இங்கேதான் அவள் ஒன்றை மறந்துவிட்டாள், இத்தனை வருடம் தலைவியாக இருந்தும். நம்முடைய சங்கங்களில் ஒருவர் பதவி விலகுகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ மனதை நோகடித்திருக்கிறார்கள். சும்மா விலகுவார்களா என்ன? எந்த ஊரில் நடக்கும் அது?

முதலில் எழுந்தவர் அழகையா. கண் கலங்கியிருந்தது. "மேடம், எங்க சனத்துல யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டாங்களா? சொல்லியிருந்தா நான் கால்ல விழுறேங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப எங்கட ஆக்கள்தான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பள்ளிவாசல்காரர் எழுந்தார். "பொம்புளைக்கு என்னத்துக்கு நாடகமும் கூத்தும்ண்டு எவனாவது கதச்சிருப்பான். எவன்ண்டு சொல்லுங்க தாத்தா!" அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

இதற்குள் பாதி மண்டபம் ஸ்ரீஸ்கந்தராஜாவைத் திரும்பிப் பார்த்தது. நாற்காலிக்கு அடுத்ததாக இருக்கிறவர் அவர்தானே. அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினார். "நான் தள்ளினன் எண்டு ஒருவரும் நினைக்காதேங்கோ! மேடத்தின்ர பேரை நானே முன்மொழியிறன்!"

"வழிமொழியிறேன்!" என்று அழகையா கத்தினார். தோட்டத்துச் சனம், யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர், ஊர் முஸ்லிம்கள் என்று மூன்று பக்கமும் சந்தேகமில்லாமல் ஒத்துக்கொள்ளும் ஒரே ஆள் அவள். அவளை எடுத்துவிட்டால் அடுத்த நிமிடமே மூன்று பேரவை உண்டாகும். அது அவளுக்கும் தெரியும்.

கடைசி முயற்சியாக உண்மையையே சொன்னாள். வெட்கத்தை விட்டு, முகம் சிவக்க, மைக்கில் சொன்னாள். "எனக்கு யார் மேலயும் கோவமில்ல. எனக்கு நடிக்கணும். அஜந்தாட நாடகத்துல கத்தரிக்கா விக்கிற வேஷம். அவ்வளவுதான்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

"மேடம் பகிடி விடுறாங்க! அப்ப கோவம் போயிருச்சு!" என்றார் அழகையா கண்ணைத் துடைத்துக்கொண்டு. எங்கேயோ தயாராக வைத்திருந்த பொன்னாடை வந்தது. தோளில் விழுந்தது. தோளில் விழுந்த பொன்னாடையை எடுத்து எறிய முடியுமா? எறிந்தால் அழகையாவின் முகத்தில் எறிந்தது போலாகும். பின்னாலிருந்து அஜந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. நிஷ்மியா கை கூப்பினாள். கூட்டம் முடிந்து வடை கொடுத்தார்கள்.

சந்தைக்காரி வேடம் தவமணிதேவி டீச்சருக்குப் போனது.

விழா நாள் வந்தது. விளக்கேற்றி, வரவேற்புரை சொல்லி, நடுச் சோபாவில் போய் உட்கார்ந்தாள் நிஷ்மியா. பக்கத்தில் ஜவாஹிர். மேடையில் தவமணிதேவி டீச்சர் பாவம், முடிந்தவரை செய்தார். ஆனால் கத்தரிக்காயைக் கையில் எடுத்த விதத்திலேயே அவர் வாழ்நாளில் ஒரு கிலோ விற்றவரில்லை என்று தெரிந்தது. நிஷ்மியாவின் உதடுகள் ஒவ்வொரு வசனத்துக்கும் கூடவே அசைந்தன. கைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிக் காட்சி. டீச்சர் தராசைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறந்துவிட்டது. பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அஜந்தா கிசுகிசுத்தது அவருக்கு எட்டவில்லை. நேரம் போனது. யாரோ இருமினார்கள்.

நிஷ்மியா எழுந்துவிட்டாள். எழுந்தது தனக்கே தெரியாது.

"கட மூடியாச்சு!"

தலைவி மைக்கில் பேசுகிற குரலில்லை அது. விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்று கத்திய குரல். "இனி யாரும் என்னக் கூப்பிடாதீங்க. கேக்குதா? யாரும் கூப்பிடாதீங்க. நான் போறேன்!"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. கன்னம் நனைந்திருந்தது. நிஷ்மியா காத்திருந்தாள். பள்ளிக்கூட மேடையில் கேட்டாளே, அதைப்போல ஏதாவது ஒன்றுக்காக, யாராவது விசும்புவார்களா என்றுகூடக் காத்திருந்தாள்.

கை தட்டினார்கள். ஒரே சீராக, மரியாதையாக, முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசை வரை. அவள் வரவேற்புரைக்குத் தட்டுவார்களே, அதே தட்டல். பதினொரு வருடமாகப் பழகிய சத்தம், அவளுக்குத் தெரியாதா?

மேடையில் டீச்சர் நன்றியோடு தலையசைத்து வசனத்தைத் திருப்பிச் சொன்னார். திரை விழுந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா மைக்குக்கு ஓடிவந்தார். "மறந்த வசனத்தையும் எடுத்துக் குடுத்துக் காப்பாத்தின எங்கட தலைவி! இப்பிடி ஒரு தலைவி எங்களுக்கு எண்டைக்கும் வேணும்!" மறுபடியும் கைதட்டல். நடிகைக்குப் பொன்னாடை போர்த்த மேடைக்கு வரும்படி தலைவியை அழைத்தார்.

நிஷ்மியா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஜவாஹிர் அவள் கையைத் தொட்டார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது.

"நிஷ்மி, நீ சொன்னது நாடகமில்ல. எனக்கு வெளங்கிச்சு."

"வெளங்கிச்சா?"

"அல்லாவே, வெளங்காமயா? மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"அப்ப நீங்களும் என்னத்துக்குக் கை தட்டினீங்க?"

ஜவாஹிர் மேடையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"எல்லாரும் தட்டுறாங்களே" என்றார்.

மைக் மறுபடியும் அவள் பெயரைக் கூப்பிட்டது. நிஷ்மியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனாள்.