பண்ணை கொடுத்த பரங்கிக்காய்

வெர்பிவ்கா கிராமத்தில் பெண் கேட்டவனுக்குப் பரங்கிக்காய் வந்தால் ‘நீ வேண்டாம்’ என்று அர்த்தம். சம்மதம் என்றால் பூவேலை போட்ட துண்டு. உக்ரேனில் கூட்டுப்பண்ணை வந்தது, டிராக்டர் வந்தது, ஊர் தேவாலயம்கூடத் தானியக் கிடங்காகிவிட்டது. இந்தப் பரங்கிக்காய் வழக்கம் மட்டும் அசையவில்லை.

டிராக்டர் ஓட்டும் திமிஷ், கோதுமை விதைப்புக்கு உழுதுகொண்டு ஒரு வாரமாக வயல் கொட்டகையிலேயே கிடந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்பினான். யாரினாவைப் பெண் கேட்டு வரலாமா என்று கேட்கச் சொல்லி அண்ணியை அனுப்பியிருந்தான். பதில் என்னவோ என்ற கவலையிலேயே வாரம் முழுக்க ஓடியது. வந்து பார்த்தால், வாசற்படியில் பெரிய பரங்கிக்காய் ஒன்று.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பரஸ்கா நின்றிருந்தாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

“யாரு வச்சதுக்கா இது?”

“யாரினாதான். லுக்யான் லாரியில முன்னாடி உக்காந்து ஜம்முனு வந்து எறங்குனா. ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. நமக்கெதுக்குப்பா ஊர் வம்பு.”

லாரியில் வேறென்ன இருந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பண்ணை லாரி ஓட்டும் லுக்யான் மேல் அவனுக்குக் கோடையிலிருந்தே வயிற்றெரிச்சல். பீட்ரூட் வயலிலிருந்து பெண்களை ஏற்றிவரும்போதெல்லாம் யாரினாவுக்கு மட்டும் முன் இருக்கை. திமிஷின் டிராக்டரில் யாரை ஏற்றுவது? ஏறினால் காதுதான் செவிடாகும்.

அண்ணியைத் தேடிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பரங்கிக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்தான்.

யாரினா வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் அங்கேதான் இருந்தாள். திமிஷ் யாரையும் பார்க்கவில்லை. காயை யாரினாவின் காலடியில் போட்டு உடைத்தான்.

“வேணாம்னா வாயால சொல்லிருக்கலாம்ல? அந்த லாரிக்காரன் மடியில உக்காந்து வந்துதான் குடுக்கணுமா?”

அண்ணி பாவாடையில் ஒட்டிய விதைகளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“அட கூறுகெட்டவனே, இந்த வருஷம் கூலிக்குக் கோதுமை பத்தலன்னு பண்ணையில பரங்கிக்காய் குடுத்தாங்கடா. வீடு வீடாக் குடுக்க லாரியில போனவ உன் பங்கை எறக்கி வச்சிருக்கா. அந்தப் பரஸ்கா வீட்டுலயே மூணு கெடக்கு. நாளைக்குப் பொண்ணு கேட்டு வரச்சொல்லி எங்கிட்ட சொல்லிட்டா. துண்டு கூட மடிச்சு வச்சாச்சு.”

திமிஷுக்குத் தன் மண்டையையே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு வாரம் காத்தவன் ஒரு நாழிகை காத்திருக்கக் கூடாதா?

“யாரினா, நான் தெரியாம...”

“மடியிலயா?” என்றாள் அவள்.

அழவில்லை, திட்டவுமில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். துண்டை எடுத்து வரத்தான் போகிறாள் என்று நினைத்தான் அந்தப் பாவி. முகத்தைக்கூடச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

யாரினா தன் வீட்டுப் பங்கிலிருந்து ஒரு பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தனை பேர் பார்க்க அவன் கையில் வைத்தாள்.

“அது பண்ணை குடுத்தது. இது நான் குடுக்கறேன்.”