கப்பி சுற்றிய திசை

மின்சாரம் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. பட்டாபிராமின் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் நான்காவது மாடி ஜெயராமன், எழுபது வயது, நெஞ்சு வலிக்கிறது என்கிறார். இன்னொருவன் அவர் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் ஒட்ட வந்த கோபி. மொட்டைமாடி மெஷின் அறையில் வியர்வை வழிய நின்ற மதிவதனிக்குக் கூடப்பிறந்த தம்பி.

அந்தக் குடியிருப்பின் பராமரிப்பு முழுக்க அவள் பொறுப்பு. கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பேட்டரி உண்டு. அது செத்து இரண்டு மாதம் ஆகிறது. மாற்றித் தாருங்கள் என்று அவள் கேட்காத ஆளில்லை. கம்பெனி மெக்கானிக் நசரத்பேட்டைப் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தான். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாம், எப்போது வரும் என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் மட்டும் சமர்த்தாக வாசலில் வந்து நின்றது. ஏற்ற வேண்டிய ஆள்தான் நடுவில் தொங்குகிறார்.

இனி அவள்தான் காரியத்தில் இறங்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரேக்கைத் தளர்த்தும் இரும்புக் கைப்பிடியை எடுத்து மாட்டினாள். இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர் மே மாதத்தில் இங்கே வந்து நிற்கப் போகிறாரா என்ன?

லிஃப்டை மோட்டார்தான் தம் பிடித்துத் தூக்குகிறது என்று பல பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலே ஒரு பெரிய கப்பி. அதன்மேல் போகும் கம்பிக்கயிறுகளின் ஒரு முனையில் நாம் ஏறும் கூண்டு, மறுமுனையில் அடுக்கிய இரும்புக் கட்டிகள். கூண்டின் எடையோடு மூன்று ஆள் எடையையும் சேர்த்துத்தான் கட்டிகளை வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஈடாக இருப்பதால் மோட்டாருக்குப் பாதி வேலைகூட இல்லை. பிரேக் பிடித்திருக்கும்வரை கப்பி அசையாது. பிரேக்கை விட்டால் எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் இறங்கும். உள்ளே இரண்டே பேர் என்றால் கட்டிதான் கனம். கட்டி இறங்கும், கூண்டு மேலே ஏறும்.

செல்போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோபி, உள்ள நீங்க ரெண்டு பேருதானே?"

"ஆமாக்கா. நானும் பெரியவரும்."

"வேற யாரும் இல்லியே?"

"யாரும் இல்லக்கா."

"சரி. மேலதான் வரும். பயப்படாத."

நான்காவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்துவைத்துவிட்டுத்தான் அவள் மேலே ஓடிவந்திருந்தாள். கூண்டின் கூரைக்கும் அந்த மாடித் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் பெரியவருக்குக் காற்று. அவர் எக்கி நின்று கையை வெளியே நீட்டியிருந்தார். மகள் சுவேதா தரையில் குப்புறப் படுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை உள்ளே இழுக்கச் சொல்ல வேண்டும், கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். மதிவதனிக்குத் தெரியாததல்ல. மேலேதானே ஏறப்போகிறது, இடைவெளி பெரிசாகத்தானே ஆகும் என்று விட்டுவிட்டாள்.

கைப்பிடியை இழுத்தாள். கப்பி சுற்றியது.

தப்பான பக்கம் சுற்றியது.

ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிப் பக்கக் கயிறு மேலே வந்துகொண்டிருந்தது. கூண்டு இறங்குகிறது. அதன் கூரை இறங்குகிறது, பெரியவரின் கைமேல். படிக்கட்டு வழியாகச் சுவேதாவின் அலறல் மேலே வந்தபோது மதிவதனி கைப்பிடியை விட்டிருந்தாள். பிரேக் படீரென்று கவ்வியது.

"மேடம், கை?" என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பிச் சுவேதாவிடம் கத்தினாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"இருக்கு, கை இருக்கு. பாதி இடைவெளி போயிடுச்சு மதி. ஒரு சாண்தான் இருக்கு."

இன்னொரு நொடி பிடித்திருந்தால் அந்தக் கை மணிக்கட்டோடு போயிருக்கும். கப்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் பொய் சொன்னது யார்?

"கோபி. உள்ள இன்னாடா கீது?"

பெரியவர் இழுத்து இழுத்து மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"ரெண்டு ஆளுக்கு இது கீழ எறங்காதுடா. இன்னா ஏத்தின, சொல்லு."

"டைல்ஸ்க்கா."

"எத்தினி?"

"எட்டுப் பெட்டி."

பெட்டி இருபத்தைந்து கிலோ. எட்டுப் பெட்டி என்றால் இன்னும் மூன்று ஆள். லிஃப்டில் டைல்ஸ், சிமெண்ட் ஏற்றக்கூடாது என்று தன் கையால் எழுதி ஒட்டியவள் மதிவதனி. வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினாள். திட்ட இப்போது நேரமில்லை. கணக்கு தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். இனி கூண்டு மூன்றாவது மாடிக்கு இறங்கட்டும்.

"மேடம், அப்பா கைய விட்டுட்டு கதவச் சாத்துங்க."

"இருட்டா இருக்கு மதி, அப்பா விட மாட்டேங்கிறாரு."

"நீங்க விடுங்க மேடம். கதவு திறந்திருந்தா நான் தொட மாட்டேன்."

பிறகு கதவு சாத்தும் சத்தம். "பெரியவர உக்கார வெச்சி புடிச்சிக்கினு கீறேன்க்கா" என்றான் கோபி.

கைப்பிடியை லேசாகத் தொட்டாள், விட்டாள். தொட்டாள், விட்டாள். கப்பி விரல்கடை விரல்கடையாக நகர்ந்தது. உள்ளங்கை வழுக்க, சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு மாடிக்கும் கயிற்றில் மஞ்சள் பெயிண்ட் அடையாளம் உண்டு. மூன்றாவது மாடி அடையாளம் இரும்புச் சட்டத்துக்கு நேராக வந்து நின்றதும் சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் பாய்ந்தாள்.

கதவைத் திறந்தபோது ஜெயராமனின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் நாற்காலியில் தூக்கி வைத்தார்கள். "பாவம், முதுகுல சுமக்கிறானேன்னு நான்தாம்மா லிஃப்டுல வெக்கச் சொன்னேன்" என்று அந்த நிலையிலும் சொன்னார். சுவேதா பின்னாலேயே ஓடினாள்.

எட்டுப் பெட்டிகளுக்கு நடுவே கோபி நின்றிருந்தான். முப்பது வயது, ஒரு குழந்தைக்குத் தகப்பன். மதிவதனிக்கு அழுகை முட்டியது. எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க அவன் தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

கோபி சட்டென்று தலையைக் குனிந்து, முழங்கையை மடக்கிக் கன்னத்தை மறைத்துக்கொண்டான்.

அவள் கை அப்படியே நின்றது.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ அடிப்பியேக்கா."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவளால் முடியவில்லை. கையை இறக்கி இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அடி எங்கயாவது பட்டுச்சாடா?"

அக்காவின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவன் முழங்கையை இறக்கினான்.