ரிக்குவைச் சுட்டவன்

கால்நடை மருத்துவர் ரிக்குவின் விலாவிலிருந்து எடுத்த ஈயத்துண்டு ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை.

"இது நாட்டுத் துப்பாக்கி இல்லீங்கம்மா. அதுன்னா ரவை ரவையா எறங்கியிருக்கும். இது பாயிண்ட் டூ டூ. ரைபிள் கிளப்புல போட்டிக்குச் சுடறவங்க வெச்சிருப்பாங்க" என்றார்.

அறிவுச்செல்வி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். மேசைமேல் கிடந்த நாயின் காது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அவளுக்குச் சின்னதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. கணவன் ஜீவானந்தம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். வடநாட்டில் போர்வெல் போடப் போனால் மாதக்கணக்கில் வர மாட்டான். ரிக் வண்டிக்கு அடியில் பிறந்து கிடந்த செவலை நாய்க்குட்டியை அவன்தான் ஒருமுறை சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். அதனால்தான் அந்தப் பெயர். அவன் இல்லாத மாதங்களில் ரிக்கு அவள் கட்டிலின் கால்மாட்டில் படுத்தது. மரநாய் ஒன்றுகூடக் கொட்டகைப் பக்கம் அண்டியதில்லை.

அன்று மத்தியானம் ரோட்டுப் பக்கம் காய்ந்த குச்சி ஒடிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். எட்டிப் பார்த்தபோது வெள்ளைக் கார் ஒன்று மெதுவாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ரிக்கு உடம்பை இழுத்துக்கொண்டு வந்து அவள் பாதத்தில் தலையை வைத்தது.

ஸ்டேஷனில் சிரித்தார்கள். "நாய்க்கு கேஸா? சரிம்மா, யார் மேல போடறது? பேரைச் சொல்லு" என்றார் ஏட்டு.

பெயரைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"ரைபிள் கிளப்புல சேரப் போறேனுங்க."

"எதுக்கு?"

"சுடக் கத்துக்க."

"யாரைச் சுடறதுக்கு?"

அவள் போனை வைத்தாள்.

கிளப் சேலத்துக்கு வெளியே ஒரு மொட்டைக் கரட்டின் அடிவாரத்தில் இருந்தது. மருத்துவச் சான்றிதழ், போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து அவள் உள்ளே போனபோது கோடை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோழிகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு, ராசிபுரம் வழியாகப் பஸ் பிடித்துப் போனாள். சொல்லிக்கொடுத்தவள் ரஞ்சிதா. என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவள், அறிவுச்செல்வியைவிட மிகவும் இளையவள்.

முதல் சில வாரங்கள் தோட்டாவே தரவில்லை. பாயில் குப்புறப் படுக்க வேண்டும். தோல்வாரை மேல்கையில் மாட்டி, முறுக்கி, துப்பாக்கியின் பாரத்தை எலும்பில் தாங்க வேண்டும். கனத்த கித்தான் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை மட்டும் அசைக்க வேண்டும். வெறும் துப்பாக்கியில் அதையே திரும்பத் திரும்பச் செய்தாள்.

இடைவேளைகளில் ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கார் வெள்ளை, யார் எந்த ஊர், யாருக்கு எருமப்பட்டிப் பக்கம் போக்குவரத்து. வெள்ளைக் கார் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். எல்லாரும் நல்லவர்களாகத்தான் பேசினார்கள்.

தோட்டா தந்த அன்று, ஐம்பது மீட்டருக்கு அப்பால் தெரிந்த கறுப்பு வட்டத்தில் முகமில்லாத ஒருவனுக்கு முகம் வரைந்துகொண்டு சுட்டாள். ஒரு குண்டுகூட வட்டத்துக்குள் இல்லை.

"அக்கா, யாரையோ மனசுக்குள்ள திட்டிட்டே சுடறீங்க" என்றாள் ரஞ்சிதா.

"உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"பல்லைக் கடிக்கறீங்க. கன்னம் துப்பாக்கிக் கட்டையில ஆடுது. கன்னம் ஆடினா குண்டும் ஆடும்."

அறிவுச்செல்வி பல்லைத் தளர்த்தப் பழகினாள். கோபம் போகவில்லை. தாடையிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, அங்கே அசையாமல் படுத்துக்கொண்டது. அதன்பிறகு குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழத் தொடங்கின. ரஞ்சிதா அவளைக் கேட்காமலே கிளப்பின் உள்ளூர்ப் போட்டியில், புதியவர்கள் பிரிவில், அவள் பெயரைச் சேர்த்துவிட்டாள்.

போட்டியன்று காலையில்தான் பூபதியை முதன்முதலாகப் பார்த்தாள். சேலத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மட்டும் பயிற்சிக்கு வருகிறவர், அந்தக் கிளப்பில் வருஷாவருஷம் முதல் பரிசு வாங்குகிறவர் என்றார்கள். அவர் அவளுடைய இடக்கையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏன் அம்மிணி, கையுறை இல்லாமயா சுடப் போறீங்க? வார் அறுத்துப்போடும். இந்தாங்க, எங்கிட்ட இன்னொண்ணு இருக்குது." வாரின் கொக்கியையும் அவரே சரிசெய்து கொடுத்தார். இத்தனை நாளில் அந்த உதவியை வேறு யாரும் செய்ததில்லை. அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

டீ குடிக்கும்போது அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவள் புதியவள் என்பதால் அவளுக்காகவே பேசினார்.

"பேப்பர் ஓடாது அம்மிணி. ஓடறதை அடிக்கறதுதான் சுடறது. போன வருஷம் எருமப்பட்டிக்கிட்ட என் மச்சான் தோட்டத்துக்குப் போயிட்டு வாரேன். ரோட்டோரம் ஒரு செவலை நாய் ஓடுது. காரை விட்டு எறங்கக்கூட இல்லை. கண்ணாடியை எறக்கினேன், ஒரே குண்டு. குட்டிக்கரணம் போட்டுதே பாக்கணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையில் அவருடைய கையுறை இருந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலே போய்ப் பாயில் படுத்தாள்.

அடுத்த பாயில் அவர். சுடுதளத்தை நடத்தும் ரேஞ்ச் ஆபீசர் "லோடு" என்றார். தோட்டாவை உள்ளே தள்ளி மூடினாள். துப்பாக்கியை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும். நரைத்த கிருதாவும், காதும், காதுக்குக் கீழே சின்ன மச்சமும் தெரிந்தன. சுடுவது சுலபம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆனால் செத்துப்போனால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஊரே அவருக்காக அழும். யாரோ ஒரு பைத்தியக்காரி சுட்டாள் என்பார்கள். ரிக்குவை யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள். அவர் உயிரோடு இருக்க வேண்டும், நெடுநாள் இருக்க வேண்டும், தலைகுனிந்து இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

முன்னால் இருந்த வட்டத்தைப் பார்த்து மூச்சைப் பாதி விட்டாள்.

புதியவர்களில் அவளுக்கு மூன்றாம் இடம். மொத்தத்தில் பூபதி முதலிடம். பரிசு கொடுக்க வந்திருந்தவர் ஒரு போலீஸ் அதிகாரி. புதிதாகப் பரிசு வாங்குகிறவர்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"எனக்குப் பேச வராதுங்க" என்றாள் அறிவுச்செல்வி. "கையுறை குடுத்து ஒதவுனது பூபதி அண்ணாதானுங்க. காலையில ஒரு கதை சொன்னாரு. எருமப்பட்டிக் கதை. அதை நம்ம ஐயாவும் கேக்கணும். சொல்லுங்கண்ணா."

பூபதி கையில் கோப்பையோடு எழுந்தார். கைதட்டல் அவருக்குப் பிடித்தது. இந்த முறை நாய் இன்னும் தூரத்தில், இன்னும் வேகமாக ஓடியது. பாதியிலேயே அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. பூபதி அதைக் கவனிக்கவில்லை. குட்டிக்கரணத்தைக் கையால் காட்டி முடித்தார்.

அவள் மைக்கைத் திரும்ப வாங்கினாள்.

"அந்த நாய்க்கு ரிக்குன்னு பேருங்க. என் நாய். அதுக்கப்புறம் ஒரு நாழி உயிரோட இருந்துச்சுங்க. என் கால் மேல."

அதிகாரி பூபதியின் பக்கம் திரும்பினார்.

"எந்த ரைபிள்ல சுட்டீங்க?" என்று கேட்டார்.

"ஐயோ சார், சும்மா... வெளையாட்டுக்குச் சொன்ன கதைங்க."

"குண்டு எங்கிட்ட இருக்குதுங்கய்யா" என்றாள் அவள். "டாக்டர் எழுதிக்குடுத்ததும் இருக்குது."

போட்டிக்கென்று மட்டும் உரிமம் வாங்கிய துப்பாக்கியைக் காரில் வைத்து ரோட்டில் சுட்டது சின்ன விஷயமில்லை. அந்த வாரமே துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வழக்கும் பதிவாயிற்று. பரிசோதனையில் குண்டு அந்தத் துப்பாக்கியுடையதுதான் என்று வந்தது. கிளப் அவரை நீக்கியது.

ஒருநாள் வெள்ளைக் கார் பண்ணை வாசலுக்கே வந்தது. பூபதியும் அவர் மகள் கனிஷ்காவும் இறங்கினார்கள். அவர் கையில் ஒரு கூடை, கூடைக்குள் உயர்ந்த ஜாதி நாய்க்குட்டி ஒன்று.

"தப்புத்தான் அம்மிணி. இதை வெச்சுக்கிட்டுக் கேஸை விட்டுருங்க. புள்ளைக்கு மாநிலப் போட்டி வருது. அவ அந்த ரைபிள்லதான் சுடறா."

குட்டி கூடையிலிருந்து முகத்தை நீட்டி அவள் விரலை நக்கப் பார்த்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இந்த ஜாதி நாயைச் சுட்டிருந்தா, அதுக்குப் பதிலா ரிக்கு மாதிரி ஒரு செவலையைக் கொண்டாந்து குடுத்திருப்பீங்களா?" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "உங்கப்பா அன்னிக்கு ஊட்டுக்கு வந்து இதைச் சொன்னாரா கண்ணு?"

கனிஷ்கா தலையைக் குனிந்தாள். "சொன்னாருங்க அக்கா. நானும் சிரிச்சேன்."

அந்தப் பிள்ளை பொய் சொல்லாதது அறிவுச்செல்விக்குப் பிடித்திருந்தது. அதற்காக மனம் மாறவில்லை. "போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கொட்டகைக்குள் போய் முட்டை பொறுக்கத் தொடங்கினாள்.

கனிஷ்கா கிளப் துப்பாக்கியை எடுத்துப் போய்ச் சுட்டு, முதல் சுற்றிலேயே வெளியேறினாள் என்று ரஞ்சிதா போனில் சொன்னாள்.

"பாவம்க்கா. அவ என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலை" என்றாள் அறிவுச்செல்வி. அது உண்மை என்று அவளுக்கும் தெரிந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

அவள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுடப் போகிறாள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். வழக்கு நாமக்கல்லில் நடக்கிறது. உங்கள் சாட்சி முடிந்துவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறாள். பூபதி எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவர் கண்ணுக்கு நேராக இடம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். போன தடவை அவர் எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அவளும் எழுந்து, நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.