எல்லாம் இருநூறு

அலுவலகத்தில் அவனுக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பேர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திப்போனது. எந்தக் கூட்டமானாலும் ஆட்சேபம் சொல்வான். சொல்லி, சண்டை பிடித்து, தோற்று, கடைசியில் தான் எதிர்த்த அதே வேலையை மற்ற எவரையும்விடச் சுத்தமாக முடித்தும் கொடுப்பான். இப்படி ஓர் எதிர்க்கட்சி கிடைக்க ஆளுங்கட்சி கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆளுங்கட்சி என்பது மேலாளர். சிரித்த முகம், குரல் உயராது, கழுத்தை அறுத்தாலும் ரத்தம் தெரியாமல் அறுக்கிற வகை.

அந்தக் கம்பெனி சுகாதாரத் துறைக்காக ஓர் இணையதளம் நடத்திவந்தது. நர்சுகள் ஊர் மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கும் தளம் அது. வருஷத்தில் ஒரே ஒரு வாரம்தான் திறந்திருக்கும். கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்குவார்கள், சர்வர் மூச்சுத் திணறும்.

பொத்தானை அமுக்கினால் சர்வர் ஒரு பதில் அனுப்பும். பதிலின் தலையில் ஓர் எண் இருக்கும். இருநூறு என்றால் எல்லாம் நல்லபடி நடந்தது. ஐநூறு என்றால் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது. எண்ணுக்குக் கீழே மனிதர்கள் படிப்பதற்கு ஒரு வாசகம். அலுவலகச் சுவரில் பெரிய திரை ஒன்று மாட்டியிருந்தது. இருநூறுகளைப் பச்சையாகவும் ஐநூறுகளைச் சிவப்பாகவும் அது வரைந்துகொண்டே இருக்கும். அதே படத்தைத் துறை அதிகாரிகளும் தங்கள் அறையில் பார்ப்பார்கள். சிவப்பு அதிகமானால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

தளம் திறப்பதற்கு முந்தைய மாதம் கூட்டம் நடந்தது.

“டேட்டாபேஸ் தாங்காது. அதைச் சரி பண்ணணும்,” என்றான் எதிர்க்கட்சி.

“பண்ணலாம். எத்தனை மாசம் ஆகும்?”

“நாலு, அஞ்சு ஆகும்.”

“கலரை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார் மேலாளர், காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

அவனுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. “சார், உள்ளே சர்வர் விழுந்துடும், வெளியே நல்லா இருக்கேன்னு சொல்லும். இது பொய் சார்.”

“பொய் எதுக்கு? ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி’ன்னு போடு. அவங்க அனுப்பினாங்க, நமக்குக் கிடைச்சுது. வாங்கி வெச்சோமாங்கறது வேற விஷயம். ஐநூறு வந்தா இருநூறாக்கி அனுப்பு. நிலைமை சரியானதும் எடுத்துடலாம்.”

எடுத்துடலாம் என்று சொல்லி இந்த உலகத்தில் எவன் எதை எடுத்திருக்கிறான்? எதிர்க்கட்சிக்கும் அது தெரியும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அவன் வழக்கம்போல ஒரு சலுகைக்குப் பேரம் பேசினான்: வெளியே என்ன பூச்சு பூசினாலும், நமக்கென்று ஒரு லாக், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேடு, வேண்டும், அதில் நிஜமான எண்தான் ஏற வேண்டும். யார் விண்ணப்பம் உள்ளே போகாமல் விழுந்தது என்று பார்த்து, பிற்பாடு கூப்பிட்டுச் சொல்லலாம். மேலாளர் தாராளமாகத் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

இந்தத் தொழிலில் பதிலை வழியிலேயே மாற்றுவதற்கு மிடில்வேர் என்று ஒன்று உண்டு. கோரிக்கை உள்ளே போகும்போது வரிசையாகச் சில வாசல்களைத் தாண்டிப் போகும். பதில் அதே வாசல்கள் வழியாகத் திரும்பி வரும். நடுவில் ஒரு வாசலில் நம் ஆளை நிறுத்திவிட்டால், வருகிற பதிலின் தலையெழுத்தை மாற்றிவிடலாம். அவன் நிறுத்தினான். ஐநூறை இருநூறாக்கினான், வாசகத்தை மாற்றினான். முதல் சோதனையில் ‘உங்கள் விண்’ணோடு பக்கம் நின்றுபோனது. பதில் எத்தனை பைட் நீளம் என்று தலைப்பில் சொல்ல வேண்டும், பழைய நீளத்தை மாற்ற மறந்துவிட்டிருந்தான். அதற்குப் பிறகு எழுத்துகளை எண்ணிப் போட்டான், அதுவும் பாதியில் நின்றது. நம் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டாவது தின்னும். பொய் சொல்வதற்கும் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அவனும் சிரித்துக்கொண்டே சரி செய்தான்.

பிறகு லாக். பதிவு என்பது எல்லாவற்றுக்கும் முதலில் நடக்க வேண்டிய காரியம் என்று நினைத்து, லாக் எழுதும் வரியை எல்லாவற்றுக்கும் முதல் வரியாக வைத்தான். அன்று வீட்டுக்குப் போகும்போது பாதியாவது ஜெயித்தோம் என்று அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அவனுடைய தங்கை நர்ஸ், அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் பயண தூரத்தில் ஒரு மருத்துவமனையில் நாலு வருஷமாக வேலை. புருஷனும் பெண் குழந்தையும் அண்ணன் இருக்கும் ஊரிலேயே இருந்தார்கள். குழந்தையை வளர்ப்பது நாத்தனார். நல்லவள்தான், குறை சொல்ல முடியாது. ஒரு நாள் வீடியோ அழைப்பில் குழந்தை நாத்தனாரைப் பார்த்து, “அம்மா, தண்ணி,” என்றது. சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டது. நாக்கைக் கடித்ததுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. தெரியாமல் சொன்னால் பிள்ளை. தெரிந்து மறைத்தால் அது என்ன?

“ஸ்கூல்ல சேர்க்கறதுக்குள்ள நான் வந்தாகணும் அண்ணா. அப்புறம் நான் வந்தாலும் விருந்தாளிதான்,” என்று சொல்லியிருந்தாள். இந்தத் தடவை பணிமூப்பில் அவள் பேர்தான் முன்னால் இருந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் மாற்றம் நிச்சயம்.

கடைசி நாள் சாயங்காலம், வேலை நெருக்கடிக்கு நடுவே நேரம் கிடைத்து அவள் பொத்தானை அமுக்கினாள். வந்த பக்கத்தைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். அவன் அப்போது சுவர்த்திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். திரை முழுக்கப் பச்சை. மேலாளர் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். படத்தை ஒரு பார்வை பார்த்தான். ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி.’ உடனே எழுதினான்: “போயிடுச்சு. கவலையை விடு.”

இரண்டு மாதம் கழித்து மாற்றல் பட்டியல் வந்தது. தங்கையின் பேர் இல்லை. அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தவளுக்கு ஊர் கிடைத்திருந்தது.

பழைய படத்தை மறுபடி அனுப்பி, “இது போதாதா?” என்று கேட்டாள். இந்தத் தடவை அவன் சரியாகப் பார்த்தான். விண்ணப்பம் உண்மையில் உள்ளே போனால் வரும் பக்கத்தில் ஒரு விண்ணப்ப எண் இருக்கும். இதில் எண் இல்லை. இது மேலாளர் சொல்ல, அவன் தட்டெழுதி, பைட் கணக்குப் பார்த்து நீளம் சரிசெய்த வாசகம். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதவன்போல அன்று பார்த்துவிட்டு, கவலையை விடு என்று எழுதியிருக்கிறான்.

இரண்டு மாதமாகத் திறந்தே பார்க்காத லாக் இருக்கிறதே என்று ஓடினான். அதில் அவளுடைய ஐநூறு நிஜமாகப் பதிவாகியிருக்கும், அதை எடுத்துத் துறையிடம் நீட்டினால் போதும். தேடினான். அவளுடைய பணி எண், அந்த நேரம், பக்கத்தில் இருநூறு. மேலே பார்த்தான், கீழே பார்த்தான். அந்தச் சாயங்காலம் முழுவதும் இருநூறு. ஒரே ஒரு ஐநூறுகூடக் கிடையாது.

கொஞ்ச நேரம் பிடித்தது புரிவதற்கு. உள்ளே போகும்போது முதல் வாசல் எதுவோ, வெளியே வரும்போது அதுதான் கடைசி வாசல். முதல் வரியில் உட்கார்ந்திருந்த லாக், நடுவாசலில் பூச்சு பூசி முடித்த பிறகு வந்த முகத்தைத்தான் பார்த்திருக்கிறது. பார்த்ததை நேர்மையாக எழுதியும் வைத்திருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம் இது. யாருடைய விண்ணப்பம் விழுந்ததற்கும் இனி லாக் சாட்சி சொல்லாது. மேலாளர்கூட அந்த அளவுக்குக் கேட்கவில்லை. அதை இலவசமாகச் செய்து கொடுத்தது எதிர்க்கட்சிதான்.

தங்கை மேல்முறையீடு செய்தாள். அவளைப்போல் இன்னும் சிலரும் செய்திருந்தார்கள். துறை விளக்கம் கேட்க, மேலாளர் பதில் எழுதினார்: சர்வர் வெற்றி என்று பதிலளித்திருக்கிறது, டேட்டாபேஸில் விண்ணப்பம் இல்லை, ஆகவே மனுதாரர்கள் விண்ணப்பித்துவிட்டுத் தாங்களே திரும்பப் பெற்றிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சி அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

“திரும்ப வாங்கினா லாக்ல அதுக்கும் ஒரு வரி இருக்கணும். இல்ல.”

“சரிதான். அதை யாரு கேக்கப்போறா?”

“நான் போய்ச் சொல்லப்போறேன்.”

மேலாளர் நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை.

“போ. நான் தடுக்கல. முதல் கேள்வி என்ன கேப்பாங்க? மனுதாரர்ல ஒருத்தர் உனக்கு என்ன வேணும்னு கேப்பாங்க. தங்கச்சின்னு சொல்லுவ. ரெண்டாவது, டேட்டாபேஸ்ல கை வைக்கிற உரிமை உனக்கு இருக்கான்னு கேப்பாங்க. இருக்கு. அந்த மாத்தற புரோகிராமை எழுதினது யாருன்னு கேப்பாங்க. ஒவ்வொரு வரிலயும் உன் பேர்தான் இருக்கு. நான் வாயால சொன்னதுக்கு என்ன ஆதாரம்? தங்கச்சிக்காக ஏதோ தில்லுமுல்லு பண்ணப்போய் மாட்டிக்கிட்டான்னு முடிப்பாங்க. உன் வேலை போகட்டும், அவங்க வேலைக்கும் உலை வெச்சுடாத.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். திருடாதவனுக்கும் அதே கதிதான் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. திருடாதவனா? அந்தக் கேள்வியையும் கூடவே சுமந்துகொண்டு வெளியே வந்தான். அந்த வாரமே ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஒரு கோளாறும் இல்லாமல் நடத்தியதற்குத் துறை பாராட்டும் சேர்த்து அனுப்பியிருந்தது.

விடுப்பில் தங்கை ஊருக்கு வந்தாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கும் வந்தாள். கூடத்தில் குழந்தை படம் வரைந்துகொண்டிருக்க, சமையலறையில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நோயாளி வலியைச் சொல்லும்போது கேட்கிற முகம்.

“தப்பாயிடுச்சுன்னு அந்தப் பக்கத்துல ஒரு வார்த்தை வந்திருந்தா, நான் மறுபடி அமுக்கியிருப்பேன்,” என்றாள். “அரை மணி நேரம் பாக்கி இருந்துச்சு அண்ணா.”

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “ராஜினாமா எழுதி வெச்சுட்டேன். நாளைக்குக் கொடுத்துடுவேன்.”

“கொடுத்தா?”

“இதுக்கு மேல அங்க உக்காந்து சாப்பிட என்னால முடியாது.”

“உன் மனசு ஆறும். எனக்கு என்ன ஆறும்?” அவள் குரல் உயரவில்லை. “அடுத்த வருஷமும் இதே பக்கம்தானே?”

“ம்.”

“இதே நன்றிதானே வரும்?”

அவன் தலையாட்டினான்.

“அப்போ நீ அங்கேயே இரு. எண் வந்தாலும் அந்தப் பக்கத்தை இனி நம்ப மாட்டேன். நான் அமுக்கும்போது உள்ளே போச்சான்னு பார்த்துச் சொல்ல எனக்கு ஓர் ஆள் வேணும்.”

“மத்தவங்க?”

“மத்தவங்களுக்கு உள்ளே அண்ணன் இல்ல,” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும். அடுப்பு மேடையைத் துணியால் துடைத்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது. கூடத்திலிருந்து குழந்தை, “மாமா, அத்தை எப்ப வருவாங்க, வீட்டுக்குப் போகணும்,” என்று கேட்டது.

அவன் ராஜினாமாவைக் கொடுக்கவில்லை. பூச்சை எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் திரை சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். லாக் வரியை மட்டும் ஒருவருக்கும் சொல்லாமல் பூச்சுக்கு உள்பக்கம் நகர்த்தி வைத்தான். ஒரே ஒரு வரி. இப்போது அதற்கு நிஜ எண் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அடுத்த வருஷமும் கடைசி நாள் வரை தங்கைக்கு வேலை நெருக்கடியில் நேரம் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் அமுக்கினாள். சுவரில் பச்சை. அவன் மேசையில் லாக் ஓடிக்கொண்டிருந்தது, பாதிக்குப் பாதி ஐநூறு. அந்த ஐநூறுகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் அவளுடைய பணி எண். வாசலுக்கு வந்து கைபேசியில் கூப்பிட்டான்.

“உள்ளே போகல. மறுபடி அமுக்கு.”

“நன்றின்னுதான் வந்திருக்கு. எண்ணைக் காணோம்.”

“அதை நம்பாத. அமுக்கு.”

இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை விண்ணப்ப எண்ணோடு பக்கம் வந்தது. அவள் எண்ணைப் படிக்கும்போதே அழுதுவிட்டாள். “வந்துடுவேன் அண்ணா, இந்தத் தடவை வந்துடுவேன்,” என்றாள்.

திரும்ப வந்து உட்கார்ந்தான். தளம் மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஐநூறுகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பணி எண். அந்த எண்ணைக் கொடுத்தால் பேரும் தொலைபேசி எண்ணும் எடுத்துத் தர அவன் கணினியிலேயே வழி இருந்தது. ஒன்றை எடுத்தான். தூரத்து ஊரில் ஒரு நர்ஸ், ஆறு வருஷமாக அதே இடம். கைபேசியில் முழு எண்ணையும் அழுத்திவிட்டான். அழைத்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். நாளைக்கு அவள் துறையிடம் சொல்வாள். துறை தோண்டும். தோண்டினால் யாருடைய விண்ணப்பம் மூன்றாவது தடவையில் உள்ளே போனது, யார் கூப்பிட்டுச் சொன்னது என்பதும் வெளியே வரும். தங்கையின் மாற்றல் அத்தோடு போகும்.

அழுத்திய இலக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தான். அந்த நர்ஸ் இந்நேரம் நன்றி என்பதைப் படித்துவிட்டு, வீட்டுக்குக் கூப்பிட்டு, வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.