பியரை மோராக்கச் சொன்னார்கள்

1.

இந்தக் கதை கோபத்தில் எழுதப்படுகிறது. எங்கே பிறந்தது என்று பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சுவிஸில், லாங்கன்தாலில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கதை கேட்டார்கள். கொடுத்தேன். மறுநாள் தங்கராஜா அண்ணை தொலைபேசியில் அழைத்தார். அவர்தான் சங்கச் செயலாளர், மலரின் பொறுப்பாளரும் அவரே.

"தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஒரு சின்னத் திருத்தம். அந்தப் பியரை மட்டும் மோராக்கிவிடும்."

"மோரோ?"

"இல்லாட்டித் தோசை மா. அதுவும் புளிக்கிற சாமான்தானே? பிள்ளையள் வாசிக்கிற புத்தகம், தம்பி."

பொறுமையான ஆள் என்று என்னைச் சொல்வார்கள். முயன்றும் பார்த்தேன்:

*யூலியானா தோசை மாவைக் கரைத்து வைத்த அன்று லாங்கன்தாலில் பனி கொட்டியது. மா புளிக்குமா என்று அவள் கவலை*

[நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை மா புளித்துவிடும். தோசை சுடுவார்கள். கதை முடிந்துவிடும்.]

2.

தங்கராஜா அண்ணைக்குப் புரியாததை உங்களுக்காவது விளக்குகிறேன்.

தோசை மாவைப் புளிக்க வைப்பவை பெரும்பாலும் பக்ரீரியாக்கள். அவற்றுக்கு நல்ல சூடு வேண்டும். யாழ்ப்பாணத்துக் குசினியின் சூடு அவற்றுக்குச் சுகம். சுவிஸில் நாங்கள் 'அவன்' அடுப்புக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைக்கிறோம், சரியாகிவிடுகிறது. என் கதையில் வரும் லக்ஷ்மணன் போட்டது ஏல் வகைப் பியர். அதைச் செய்வது ஈஸ்ட்.* அதற்குப் பதினெட்டு முதல் இருபது பாகைக்குள் ஒரே சீரான வெப்பம் வேண்டும். முப்பதில் வைத்தால் வேகமாக வேலை செய்து, அழுகிய வாழைப்பழ மணத்தையும் மறுநாள் தலையிடியையும் தரும். பத்துக்குக் கீழே போனால் வேலையை நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். சாகாது. தூங்கும்.

தூங்கும், ஆனால் சாகாது. இதை மோரில் எப்படி எழுதுவது?

(* பள்ளிக்கூடத்தில் இதை மதுவம் என்று படித்தோம். அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் தங்கராஜா அண்ணை அதையும் வெட்டியிருப்பார்.)

3.

இனி லக்ஷ்மணன். இவருக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். முதலாவது:

*லக்ஷ்மணன் இறந்தபோது அவருடைய பியர் உயிரோடிருந்தது.*

அரை நாள் இந்த வாக்கியத்தை மெச்சிக்கொண்டு திரிந்தேன். பிறகு வெட்டினேன். ஒரு மனிதர் செத்ததை வைத்துக் கெட்டித்தனம் காட்டுகிற வாக்கியம் அது. இரண்டாவதில் அவர் மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்த கதையைத் தொடங்கி

[வேண்டாம். நாங்கள் செத்தால் மட்டும் எல்லோருக்கும் எங்கள் அகதிக் கதை ஞாபகம் வந்துவிடுகிறது.]

மூன்றாவது இது. லக்ஷ்மணன் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். ஓய்வு நாட்களில் வீட்டிலேயே பியர் காய்ச்சினார். கோடையில் அருமையாக வரும். மாரிக் குளிரில் ஒவ்வொரு முறையும் பாதியிலேயே படுத்துவிடும். இந்த மாரியில் அவர் ஹோலின் மூலையில், வெப்பக் குழாய் சுவருக்குள் போகும் இடத்தைக் கண்டுபிடித்தார். இரவும் பகலும் அங்கே பத்தொன்பது பாகை. வாளியை அங்கே வைத்து, ஈஸ்ட்டைத் தன் கையாலேயே தூவி, கூட்டாளி கிளமென்ற்றுக்குப் படம் அனுப்பினார்: "இந்த முறை மாரி தோத்துது மச்சான்."

அந்த வாரமே மாரடைப்பு வந்தது.

4.

இங்கேதான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழை நடந்தது.

மரண வீட்டில், அதே ஹோலில், லக்ஷ்மணனின் படத்தின் முன் விளக்கு ஏற்றினார்கள். முப்பத்தோராம் நாள் கிரியை வரை அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. விளக்கு எரியும் அறையில் பியர் வாளி இருக்கலாமா? சூரிச்சிலிருந்து வந்த உறவுக்காரர் இரண்டு பேர், யாரையும் கேட்காமல், மிகுந்த பக்தியோடு அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கெல்லரில் வைத்துவிட்டார்கள். நிலத்துக்குக் கீழே, கொங்கிறீற் தரையில், ஏழு பாகையில்.

செத்தவர் கடைசியாகக் கையால் செய்த வேலையை அவருடைய விளக்குக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிக் குளிரில் போட்டார்கள். எனக்குக் கோபம் வருகிறது என்றால் ஏன் வராது?

தகனம் முடிந்த அன்று கிளமென்ற் வாளியைத் தேடினார். கெல்லரில் கண்டுபிடித்தார். மூடியில் நீர் நிரப்பிய சிறு குழாய் ஒன்று இருக்கும், உள்ளே உண்டாகும் வாயு அதன் வழியாகக் குமிழ்விட்டு வெளியேறும். குமிழ் நின்றுபோயிருந்தது.

லக்ஷ்மணனின் மனைவி கோசலா படிக்கட்டில் நின்று கேட்டார்:

"பழுதாப் போச்சா அண்ணன்?"

"இல்லைத் தங்கச்சி. நித்திரை."

"அப்ப முப்பத்தொண்டுக்குப் படைக்கலாமா? அவர் விரும்பினதெல்லாம் வைக்கிறதுதானே முறை. றால் வைப்பம், சுறாப் புட்டு வைப்பம். இது இல்லாட்டி..."

"படைக்கலாம்" என்றார் கிளமென்ற். கிளமென்ற் கத்தோலிக்கர், மன்னார். படையலைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. பியரைப் பற்றியும் அதிகம் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டார்.

5.

"இருக்கிறபடியே போத்தலில் அடைத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கிளமென்ற் ஒரு கண்ணாடி மிதவையை அதில் விட்டுப் பார்த்தார். திரவத்தில் சீனி கூடினால் மிதவை உயர்ந்து நிற்கும். உயர்ந்தே நின்றது. ஈஸ்ட் தின்ன வேண்டிய சீனியில் பாதி அப்படியே கிடக்கிறது என்று பொருள். இப்போது போத்தலில் அடைத்தால், பின்னர் சூடான அறையில் ஈஸ்ட் விழித்து மிச்சத்தைத் தின்னும். வாயுவுக்கு வெளியேற வழியிருக்காது. போத்தல் வெடிக்கும். படையல் அறையில், லக்ஷ்மணனின் படத்துக்கு முன்னால்.

ஆகவே முதலில் எழுப்ப வேண்டும். கிளமென்ற் வாளியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே இன்னொரு அநியாயம். கட்டடத்தை நடத்தும் வெர்வால்ற்றுங் சிக்கனம் என்று சொல்லி வெப்பத்தைக் குறைத்து வைத்திருந்தது. ஸ்வெற்றர் போடும்படி படிக்கட்டில் அறிவித்தலும் ஒட்டியிருந்தது. ஈஸ்ட்டுக்கு யார் ஸ்வெற்றர் போடுவது?

கிளமென்ற்றின் மனைவி யூலியானா போட்டார். தோசை மாவுக்குச் செய்வதுபோலவே தடித்த போர்வையால் வாளியை நன்றாகச் சுற்றி வைத்தார். காலையில் பார்த்தால் வாளி அப்படியே சில்லிட்டிருந்தது. பாருங்கள், போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காக்கிறது. உள்ளே குளிர் இருந்தால் குளிரையும் அதே விசுவாசத்தோடு காக்கும். அவர்கள் இரவு முழுவதும் குளிரைப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

பிறகுதான் கிளமென்ற்றுக்கு நல்ல யோசனை வந்தது. மகள் ஷரோனின் மீன்தொட்டிக்கு வாங்கிய சூடாக்கி ஒன்று சும்மா கிடந்தது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, வாளியை அதற்குள் இறக்கி, சூடாக்கியைத் தண்ணீரில் போட்டால் போதும். காற்று சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறும். தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். ஈஸ்ட் கேட்பது அந்த நிதானத்தைத்தான்.

அவ்வளவு பெரிய பாத்திரம் லாங்கன்தாலில் ஒன்றுதான் இருந்தது. சங்கத்தின் கிடாரம்.

6.

சங்க மண்டபத்தின் கதவுத் திறப்பு, அதாவது சாவி, கிளமென்ற்றிடமும் ஒன்று இருந்தது. போய்க் கிடாரத்தை எடுத்துவந்தார். பொங்கல் விழாவுக்கு முந்திய வியாழக்கிழமை தங்கராஜா அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கிளமென்ற், கிடாரம் எங்கை?"

"குசினிக்குள்ளை. வந்து பாருங்கோ. சத்தம் போடாதேங்கோ அண்ணை, இப்பதான் எழும்பப் பாக்குது."

"ஆர் எழும்புறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனவர் அலறினார். "புக்கை பொங்கிற கிடாரத்துக்குள்ளை பியரோ!"

"பியர் வாளிக்குள்ளை. வாளி தண்ணிக்குள்ளை. தண்ணிதான் கிடாரத்துக்குள்ளை. உங்கடை கிடாரத்திலை ஒரு சொட்டும் படேல்லை."

"சனிக்கிழமை பொங்கல். நான் போய் ஆராவ் ஊர்ச் சங்கத்திட்டைக் கிடாரம் கேக்கிறதோ? போன வருசம் பத்துக் கதிரை கேட்டதுக்கே என்ன கதை கதைச்சவங்கள்!"

"கேளுங்கோ. உங்களுக்குக் கதிரை பிடிக்கிறதுதானே பழக்கம்."

"பகிடி விடாதையும். லக்ஷ்மணன் மரியாதையான மனுசன். படையலிலை பியர் வைச்சு அவன்ரை பேரைக் கெடுக்கிறியள். ஆப்பிள் ஜூஸ் வையுங்கோ, நிறமும் ஒண்டுதான்."

யூலியானா அடுப்படியில் நின்றபடியே கேட்டார்: "அண்ணை, தேத்தண்ணி போடட்டோ? இல்லாட்டிப் போன ஒன்றுகூடலிலை காருக்குள்ளை இருந்து குடிச்சியளே, அந்த நிறத்திலை ஏதும் ஊத்தட்டோ?"

தங்கராஜா அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

"அண்ணை," என்றார் கிளமென்ற், மெல்ல. "அந்தாள் களவெடுக்கேல்லை. காய்ச்சினது. நாங்கள் ஒளிச்சால்தான் ஏதோ பிழை செய்த ஆள் மாதிரி வரும்."

அப்போது மூடிக் குழாயில் ஒரு குமிழ் வெடித்தது. டொப்.

"என்ன சத்தம்?"

"லக்ஷ்மணன் போட்ட ஈஸ்ட்."

[இங்கே நான் ஏமாற்றியிருக்கிறேன். அந்தக் குமிழ் தங்கராஜா அண்ணை கோபத்தோடு படியிறங்கிப் போன பிறகுதான் வந்தது. அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற ஆசையில் முன்னே நகர்த்தினேன். அது மட்டுமல்ல, குமிழ் ஒரு சாட்சியும் இல்லை. சூடானால் வாளிக்குள் இருக்கும் வாயு விரியும், ஈஸ்ட் தூங்கினாலும் குமிழ் வரும். மிதவை இறங்க வேண்டும். கிளமென்ற் வாளியை மெதுவாகச் சுழற்றி அடியில் படிந்ததைக் கலக்கினார். அடுத்த நாட்களில் மிதவை இறங்கியது. இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கி நின்றது. இதில் ஏமாற்று இல்லை.]

தங்கராஜா அண்ணை ஆராவுக்குப் போனார். அவர்களின் குத்தல் கதையெல்லாம் கேட்டார். கிடாரத்தோடு வந்தார். பொங்கல் பேச்சில், "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஏதோ சொன்னார்.

7.

தங்கராஜா அண்ணையை இந்தக் கதையின் கெட்டவராக்கிவிட நினைத்தேன். முடியவில்லை. லக்ஷ்மணன் செத்த அன்று கோசலாவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி, டொச் மொழியில் எல்லாம் கதைத்து, தகனத்துக்கு நேரம் எடுத்தவர் அவர்தான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவரும் அவர்தான். அதுதான் என் கோபத்தைக் கூட்டுகிறது. ஒரு மனிதரைத் தோளில் சுமக்க முடிகிறது. அவர் குடித்த கிளாஸை மேசையில் வைக்க முடியவில்லை.

கிளமென்ற்றிலும் சந்தேகம் உண்டு. இவ்வளவு நல்லவராக ஒருவர் இருப்பாரா? சரி, இதையும் எழுதுகிறேன்: வாளியிலிருந்து போத்தலுக்கு மாற்றும்போது அவர் இரண்டு கோப்பை குடித்துப் பார்த்தார். ஒன்றுதான் குடித்ததாக யூலியானாவிடம் சொன்னார்.

போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனி சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வெளிவிடும் வாயு, மூடியைத் தாண்ட முடியாமல் பியருக்குள்ளேயே கரைந்திருக்கும். திறக்கும்போது நுரைப்பது அதுதான். அதற்கும் வெப்பம் வேண்டும், அதற்கும் நாட்கள் வேண்டும். போத்தல்களும் கிடாரத்துக்குள் இறங்கின. நுரைக்குமா, செத்த தண்ணீராக ஊற்றுமா என்பது திறக்கும் வரை யாருக்கும் தெரியாது.

8.

முப்பத்தோராம் நாள். கோசலாவின் வீடு. அறையில் வாழையிலை விரித்துச் சோறு, றால், சுறாப் புட்டு, வெற்றிலை எல்லாம் வைத்திருந்தார்கள். படைத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடும்வரை எல்லோரும் வெளியே நிற்க வேண்டும்.

கிளமென்ற் ஒரு போத்தலையும் ஒரு கண்ணாடிக் கிளாஸையும் நீட்டினார். லக்ஷ்மணன் எப்போதும் குடிக்கிற தடித்த அடிக் கிளாஸ்.

தங்கராஜா அண்ணை குறுக்கே வந்தார். தடுக்கவில்லை. ஒரு எவர்சில்வர் பேணியை, தண்ணீர் குடிக்கும் குவளையை, நீட்டினார்.

"பிள்ளை, வைக்கிறதெண்டா வையும். இதுக்குள்ளை ஊத்தி வையும். ஆருக்கும் தெரியாது."

கோசலா போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பேணி. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் மட்டும் போய் வைக்கன்" என்று உள்ளே போனார்.

உள்ளேயிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. மூடி திறந்த சத்தமாக இருக்கலாம். ஹைற்சுங் வெப்பக் குழாயின் வால்வும் அப்படித்தான் சீறும். கிளமென்ற் கண்ணை மூடினார். தங்கராஜா அண்ணை சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோசலா வெளியே வந்தபோது இரண்டு கையும் வெறுமை. கதவைச் சாத்தினார்.

9.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: கதவுக்குப் பின்னால் போத்தல் வெடிக்கிறது, லக்ஷ்மணன் வந்துவிட்டார் என்று எல்லோரும் கும்பிடுகிறார்கள். கிழித்தேன். மிதவையைப் பொறுமையாகப் பார்த்த ஒருவரை இது கேலி செய்கிறது.

இரண்டு: தங்கராஜா அண்ணை மனம் மாறி முதல் ஆளாக வாங்கிக் குடிக்கிறார். அவரே கேட்டாலும் எழுத மாட்டேன்.

மூன்று: கோசலா கதவைத் திறக்கிறார். உள்ளே

[இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். நான் பார்த்தேன். மலருக்கு இந்தக் கதை போகாது என்று நேற்று இரவு முடிவாகிவிட்டது. மோர்க் கதை ஒன்றை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஆகவே யாருக்காகவும் நான் இதை முடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.]

இனி நீங்கள்தான் கதவடியில் நிற்கிறீர்கள். உள்ளே விளக்கு எரிகிறது. பியர் எப்படி வந்தாலும் வரட்டும். நுரைக்கட்டும், நுரைக்காமலும் போகட்டும். அது ஈஸ்ட்டின் விடயம், நீங்களும் நானும் வெப்பம் மட்டும்தான் கொடுக்க முடியும்.

ஆனால் எதில் ஊற்றியிருக்கிறது என்பது ஈஸ்ட்டின் விடயம் இல்லை. எவர்சில்வர் பேணிக்குள் குமிழ் ஏறினால் வெளியே தெரியாது. லக்ஷ்மணன் கையால் தூவியது, கெல்லரில் தூங்கி, கிடாரத்தில் எழும்பி, அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வருவது கண்ணாடியில் மட்டும்தான் தெரியும்.

திறவுங்கள்.