என் கட்சிக்காரர் புறா இல்லை

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். டாக்டர் மாறினார், நாற்காலி மாறியது, சுவரின் நிறம்கூட மூன்று தடவை மாறிவிட்டது. உதவியாளர் மட்டும் அவளேதான். வருகிறவர்களுக்கெல்லாம் அவள் 'பல்லக்கா'. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அதே பெயர்தான். அந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்த விஷயம், அங்கே மனிதர்கள் வாயைத் திறந்தால் பேச முடியாது என்பது.

வீட்டில் நிலைமை நேர் தலைகீழ். அவள் வீட்டுக்காரர் வக்கீல். கோர்ட்டில் அவருக்குப் பெரும்பாலும் வாய்தா வாங்குகிற வேலைதான். "அடுத்த தேதி வேண்டும்" என்று கேட்க மூன்று வார்த்தை போதும். பேச வாய்ப்பில்லாமல் போன மிச்சப் பேச்செல்லாம் சாயங்காலம் அவரோடு வீடு வந்து சேரும். காபியில் சர்க்கரை குறைந்தால், "இந்தக் காபியை அருந்தும் பொறுப்பு என்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதன் இனிப்புக்கு யார் பொறுப்பு?" என்று ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் காபி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். குளியலறைக் குழாய் சொட்டினால் அதற்கு மூன்று வாதம், இரண்டு எதிர்வாதம். கடைசியில் பிளம்பருக்குப் போன் போடுவது அவள்தான்.

இந்தக் குடும்பத்துக்கு மேல்மாடியில் ஒரு போஸ்ட்மாஸ்டர் குடியிருந்தார். ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஓய்வு பெற்ற கையோடு எங்கிருந்தோ பழைய டிரம்பெட் ஒன்றை வாங்கி வந்தார். தினமும் காலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊதுவார். எட்டு மாதமாக ஒரே பாட்டு. பாதி வரைக்கும் வரும், அங்கே ஒரு கனைப்பு, மறுபடி முதலிலிருந்து.

அவள் இரண்டு தடவை மேலே போய் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள்ல நல்லா வந்துடும்மா, கவலைப்படாதீங்க" என்று அவர் அவளுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது தடவை போனபோது அவள் கையில் ஒரு ரப்பர் கிண்ணம் இருந்தது. பல் அச்சு எடுக்கிற வெள்ளைப் பிளாஸ்டரைக் கலக்குகிற கிண்ணம். போஸ்ட்மாஸ்டர் நடுவில் முகம் கழுவ வீட்டுக்குள் போவார் என்பது அவளுக்குத் தெரியும். நாற்காலியில் கிடந்த டிரம்பெட்டை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி, கிண்ணத்திலிருந்ததை ஒரு சொட்டுச் சிந்தாமல் உள்ளே ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஓடியிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பிளாஸ்டர் இறுகும்வரை அசைக்கக்கூடாது என்பது தொழில் பழக்கம். பத்து நிமிஷம் அதைத் தோளில் சாத்திய கைக்குழந்தையைப்போலப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்த போஸ்ட்மாஸ்டர் அந்தக் கோலத்தில்தான் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் சார்" என்றாள் அவள்.

போலீஸுக்குப் புகார் போயிற்று, கேஸானது, சம்மன் வந்தது. பொருளுக்குச் சேதம் விளைவித்த குற்றம். சம்மனைப் படித்ததும் வீட்டுக்காரர் முகத்தில் வந்த வெளிச்சத்தை, கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

"நான் இருக்கேன், நீ கவலையே படாதே" என்றார்.

"அதுதாங்க கவலையா இருக்கு. வேற யாராவது வக்கீல் பார்க்கலாமே?"

"வேற யாரு உன்னைப் பத்தி என்னைவிட நல்லாப் பேசிட முடியும்?"

மூன்று வாரம் அறையைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது. கதவைத் தாண்டி 'பொறுமை', 'பூங்கொடி' என்று வார்த்தைகள் வந்து விழுந்தன. யாருடைய கேஸ் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கோர்ட் அறை சின்னதுதான். மேலே ஒரு மின்விசிறி, கீழே நாலு பெஞ்சு, ஜன்னலோரம் துணி மூட்டை மாதிரி கட்டி வைத்த பழைய கேஸ் கட்டுகள். நீதிபதி ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு புகாரைப் படித்தவர், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, அதையே மறுபடி படித்தார். மேஜைமேல் சாட்சிப் பொருளாக டிரம்பெட் இருந்தது. அதன் வாய் நிறைய வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர். மேற்பரப்பு பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. அவளுக்கு உள்ளுக்குள் லேசாகப் பெருமையாக இருந்தது. அதை வெளிக்காட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புகார்தாரர் என்ன சொல்றீங்க?"

போஸ்ட்மாஸ்டர் எழுந்தார். "அம்மா, நான் யாருக்கும் ஒரு தொந்தரவும் செஞ்சதில்லை. காலையில கொஞ்ச நேரம் வாசிப்பேன். அவ்வளவுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு வீட்டுக்காரர் எழுந்தார். கறுப்புக் கோட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். இருபத்து மூன்று வருஷமாக அந்த அறையில் வாய்தா மட்டும் கேட்ட மனிதர்.

"கனம் நீதிபதி அவர்களே! இதோ, கூண்டில் நிற்கிறாரே, இவர் யார்? பொறுமையின் புகலிடம்! பூவுக்கே மென்மை போதிக்கும் பூங்கொடி! அதிர்ந்து பேசி அறியாத அன்னை! ஈக்கும் இடையூறு எண்ணாத இதயம்! எறும்பு ஊர்ந்து வந்தால்கூட ஒதுங்கி நின்று வழிவிடும் ஏந்திழை!"

அன்று காலைதான் அவள் அடுப்படியில் எறும்புப் பொடி தூவிவிட்டு வந்திருந்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். 'அதிர்ந்து பேசி அறியாத' என்கிற இடத்தில் அவர்களில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

"சுருங்கச் சொன்னால், கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் ஒரு புறா! அந்தக் காலை வேளையில், கலங்கிய மனத்தோடு, கணநேரத் தடுமாற்றத்தில், தன் கையில் இருப்பது இன்னதென்றே அறியாமல்..."

"ஒரு நிமிஷம் வக்கீல்" என்றார் நீதிபதி. "கையில என்ன இருந்தது?"

"பிளாஸ்டர்... என்று புகாரில் சொல்லப்படுகிறது."

"அது எப்படி ஒருத்தர் கையில அவருக்கே தெரியாம வரும்?"

"தொழில் நிமித்தமாக, கனம் நீதிபதி அவர்களே. ஏதோ கொஞ்சம் தூள் தற்செயலாக ஒட்டிக்கொண்டிருந்து, அதில் பனித்துளி பட்டு..."

நீதிபதி அவளைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. இதைக் கலக்கறது எப்படி?"

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. தலை தானாக நிமிர்ந்தது.

"நூறு கிராம் தூளுக்கு அம்பது மில்லி தண்ணிங்கம்மா. முதல்ல தண்ணி, அப்புறம் தூள். மாத்திப் போட்டா கட்டி தட்டிடும். கிண்ணத்தோட ஓரத்துல தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு நிமிஷம் கலக்கணும். பத்து நிமிஷத்துல இறுகிடும்."

"குமிழி வராதா?"

"மத்தவங்க கையில வரும். என் கையில வராதுங்க."

வீட்டுக்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

"ஆக, அளந்து, கலந்து, மாடி ஏறிப் போய் ஊத்தியிருக்கீங்க" என்றார் நீதிபதி. "கணநேரத் தடுமாற்றம்னு உங்க வக்கீல் சொல்றார். நீங்க பத்து நிமிஷம் அங்கேயே நின்னதா புகார்ல இருக்கு. வக்கீல், இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் கையில் பதினேழு பக்கம் இருந்தது. மூன்றாவது பக்கத்தில் நின்றிருந்தார். மற்ற பக்கங்களைப் புரட்டினார். அதில் இருந்ததெல்லாம் புறா. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். அறை அமைதியாக இருந்தது. அவர் எழுந்து நிற்கும்போது அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை.

"அம்மா" என்றார். 'கனம்' எங்கோ போய்விட்டது. "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இவங்க புறா இல்லை. கோபம் வரும். நல்லாவே வரும். வேணும்னுதான் செஞ்சாங்க."

பின்பெஞ்சில் புரையேறியவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் ரொம்பப் பேசுவேன்ம்மா. கோர்ட்டுல இல்லை, வீட்டுல. உப்பு கூடினா பேசுவேன், குறைஞ்சாலும் பேசுவேன். அவங்க 'ம்' போடுவாங்க. சின்ன 'ம்'னா கேட்கறாங்கன்னு அர்த்தம். நீளமா 'ம்ம்ம்'னு வந்தா கேட்கலை. இப்பல்லாம் நீளம்தான் ஜாஸ்தி. எனக்குத் தெரியும். ஆனா நிறுத்த வரலை."

அவளுக்குக் காது சூடேறியது.

"தினம் அஞ்சு மணிக்கு எழுந்து, சமையலறை ஜன்னல் பக்கத்துல ஒரு டம்ளர் காபியோட உட்காருவாங்க. லைட்டுகூடப் போட மாட்டாங்க. நான் எழுந்திருக்கற வரைக்கும் அந்த ஒண்ணரை மணி நேரம் யாரும் பேச மாட்டாங்க. அதுக்கப்புறம் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில மெஷின் சத்தம், சாயங்காலம் நான். அவங்களுக்குன்னு இருந்தது அந்த நேரம் மட்டும்தான். எனக்கும் அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடும். எழுந்து போனா பேசிடுவேன்னு, கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன். நானே அந்த நேரத்துல கை வைக்கலைம்மா. எட்டு மாசமா அதுக்குள்ள டிரம்பெட் வந்துச்சு. தப்புதான். ஆனா எதுக்காகன்னு கோர்ட்டுக்குத் தெரியணும். என் வாதம் முடிஞ்சுது."

உட்கார்ந்துவிட்டார். பேச ஆரம்பித்து ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுகை வருமோ என்று பயந்தாள். சிரிப்புத்தான் வந்தது, அதுவும் கொஞ்சம் ஈரமாக. அந்த ஜன்னலோர நேரம் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். உள் அறையில் குறட்டை கேட்கும்வரைதான் நிம்மதி என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் அந்தக் குறட்டை?

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவசியமே இல்லாமல். பிறகு தீர்ப்புச் சொன்னார். செய்தது தப்பு, அதனால் எச்சரிக்கை. ஊற்றியவரே அந்தப் பிளாஸ்டரைத் தன் கையால் துளிகூட மிச்சமில்லாமல் எடுத்துத் தரவேண்டும். போஸ்ட்மாஸ்டர் காலை எட்டு மணிக்கு முன்னால் டிரம்பெட்டைத் தொடக்கூடாது.

"சம்மதமா?"

"எனக்கு டிரம்பெட் திரும்ப வந்தா போதும்மா" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

வெளியே வந்து கோர்ட் கேன்டீனில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீ வந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

"அந்தக் குறட்டை?"

"பொய்க் குறட்டை" என்றார் அவர், டீயைப் பார்த்தபடி. "நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா உனக்கு நிம்மதி போயிடுமேன்னு."

"ஒண்ணரை மணி நேரம் குறட்டை விட்டுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"மனசுக்குள்ள பேசிட்டிருப்பேன்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜை வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். உடனே, "பொய்க் குறட்டை என்பது சட்டப்படி பார்த்தால் இரண்டு வகை..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு பொறுக்க முடியாமல் முதல் வகையை மட்டும் சொன்னார். அவள் சின்ன 'ம்' போட்டாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் மேல்வீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டரைச் சுரண்டி எடுத்தாள். வெந்நீரில் ஊறவைத்து, பல் கறை எடுக்கிற வளைந்த கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக. போஸ்ட்மாஸ்டர் எதிரே உட்கார்ந்து, தன் டிரம்பெட்டுக்கு ஆபரேஷன் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் மெதுவாகக் கேட்டார்.

"அவ்வளவு மோசமாவா வாசிக்கறேன்?"

அவள் அவரை வாயைத் திறக்கச் சொன்னாள். ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே பார்த்தாள்.

"கீழ் வரிசையில முன்பல் ஆடுது சார். உதட்டுக்குப் பிடிமானமே இல்லை, அப்புறம் காத்து எங்கே நிக்கும்? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

போனார். பல்லைச் சரிசெய்து வந்த மறுவாரமே பாட்டு பாதியைத் தாண்டிவிட்டது. மாதம் முடிவதற்குள் கடைசிவரை வந்தது. கோர்ட் உத்தரவுப்படி சரியாக எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பது வரை வாசிப்பார். அதற்குள் இரண்டாவது பாட்டுக்கு வேறு போய்விட்டார்.

அவள் ஏழே முக்காலுக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவள். வக்கீல் கோர்ட்டுக்குப் போவது பத்து மணிக்கு. கோர்ட்டில் பேசிய அந்த ஒன்றரை நிமிஷப் பேச்சுக்குப் பிறகு, அவருக்கு உண்மையாகவே கேஸ்கள் வரத் தொடங்கியிருந்தன. எட்டிலிருந்து ஒன்பது வரைதான் உட்கார்ந்து அவற்றுக்குத் தயார் செய்வார்.

"தலைக்கு மேல ஒரு மணி நேரம்! ஒரு வரி எழுத முடியலை!" என்றார் ஒருநாள் காலை, வாசல்வரை அவள் பின்னாலேயே வந்து. "நான் கேஸ் போடப்போறேன்."

"போடுங்க" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "அவர் பக்கம் சாட்சி சொல்ல நான் வர்றேன்."